மேல்தளத்தாரும் கீழ்த்தளத்தாரும்

இஷாத் தொழுகை முடிந்து நான் வீடு திரும்பியபோது, எங்கள் அடுக்குமாடியின் கீழே வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகள் போடப்பட்டிருந்தன. பதினெட்டு வீடுகளில் பதினான்கு வீட்டார் வந்திருந்தனர். உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் தபால் இலாகாவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். கணக்கில் கறாரானவர். அவர் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. கட்டடம் முழுமைக்கும் சேர்த்து ஒரே இன்ஷூரன்ஸ் எடுப்பதா, அவரவர் வீட்டுக்கு அவரவர் எடுத்துக்கொள்வதா, எதுவுமே வேண்டாமென்று விட்டுவிடுவதா என்பதே அன்றைய பேச்சு.

செயலாளர் என்னைப் பார்த்து, “பாய், நீங்க சொல்லுங்க. உங்க ஆளுங்க வீடு இதுல நாலு இருக்கு. நீங்க சரின்னா அவங்களும் சரிம்பாங்க” என்றார்.

நான் ஒரு வாரம் தவணை கேட்டேன். முப்பதாண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஃபிக்ஹு ஓதிக் கொடுத்து வரும் ஒருவன், சந்தைக்குப் போகும் வழியில் சொல்லிவிடக் கூடிய பதிலுக்கு ஒரு வாரம் கேட்டது அவர்களுக்கு வியப்பாக இருந்திருக்கலாம். உண்மையில் பதில் என்னிடம் ஆயத்தமாகவே இருந்தது. அந்தப் பதிலை முன்பொரு முறை சொல்லி, அதன் விளைவைக் கண்ணால் கண்டவன் நான். தயக்கத்துக்குக் காரணம் அதுதான்.

பேகம்பூர்ப் பகுதியை நம் வாசகர்களில் பலர் அறிந்திருப்பர். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அங்கே அடங்கியிருப்பதால் அப்பெயர் வழங்கலாயிற்று. அதற்குச் சற்றுத் தொலைவில் ஒருவர் ஜவுளிக்கடை வைத்திருந்தார். தொழுகையில் முதல் ஸஃப்பில் நிற்பவர், கடனுக்கு அஞ்சுபவர். ஒரு நாள் அவர் என்னிடம் வந்து, “ஹஜ்ரத், கடைக்கு இன்ஷூரன்ஸ் எடுக்கச் சொல்றாங்க, எடுக்கலாமா?” என்று கேட்டார். நான் சிறிதும் யோசிக்கவில்லை. அதில் வட்டியும் சூதும் கலந்திருக்கின்றன, அல்லாஹ்வின் மீது தவக்குல் வையுங்கள் என்றேன். அவர் மகிழ்ச்சியோடு சென்றார். மூன்றாண்டுகள் கழித்து ஒரு கோடைக்கால இரவில் மின்கசிவால் அக்கடை எரிந்து போயிற்று. அடுத்த ஜும்ஆவில் துண்டேந்தி வசூல் செய்தோம். அது கடையின் ஒரு அலமாரிச் சரக்குக்குக்கூடக் காணாது. இப்போது அவர் வேறொருவர் கடையில் துணி கிழித்துக் கொடுக்கிறார். என்னைக் கண்டால் முன்போலவே ஸலாம் சொல்கிறார். ஒரு சொல்லும் குறைவாகச் சொன்னதில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது.

நான் அவருக்குச் சொன்ன சட்டம் தவறா? இன்றும் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆயினும் பாதிச் சட்டத்தைச் சொன்னேன் என்பது இப்போது தெளிவாகத் தெரிகிறது. மறுபாதியைத்தான் இக்கட்டுரையில் எழுத முற்படுகிறேன்.

முதலில் தவக்குல் என்னும் சொல்லை அது படும் பாட்டிலிருந்து விடுவிக்க வேண்டும். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைப்பதா, அவிழ்த்து விட்டு நம்பிக்கை வைப்பதா என்று வினவிய ஒருவருக்கு, முதலில் கட்டு, பின்னர் நம்பிக்கை வை என்னும் பொருளில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி திர்மிதியில் பதிவாகியுள்ளது. ஏழாண்டு விளைச்சலைக் கதிரோடு சேமித்து வைத்து ஏழாண்டுப் பஞ்சத்தைக் கடத்திய யூசுஃப் நபி (அலை) அவர்களைவிட நம்பிக்கையில் மிகுந்தவர் நம்மில் எவர்? அதிலும் நமது ஊர் பூட்டுக்குப் பெயர் போன ஊர். 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைத் தலைமுறை தலைமுறையாகத் தட்டிச் செய்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். அந்த மாங்காய்ப் பூட்டைக் கதவில் தொங்கவிட்டுத்தான் நாம் ஹஜ்ஜுக்கே போகிறோம். பூட்டு தவக்குலுக்குப் பகையன்று என்றால், எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டுவதற்கு முன்கூட்டியே வழி தேடுவது மட்டும் எப்படிப் பகையாகும்? எனவே அந்த வாயிலை மூடிவிடலாம். நான் அந்தக் கடைக்காரரிடம் தவக்குலை இழுத்தது வாதத்துக்கு வலுச் சேர்ப்பதற்காக மட்டுமே. அது ஆசிரியர்களிடம் உள்ள ஒரு கெட்ட பழக்கம்.

மெய்யான ஆட்சேபணை ஒப்பந்தத்தின் வடிவில் இருக்கிறது. நான் இத்தனை ரூபாய் இன்று கொடுக்கிறேன். அவன் ஒருவேளை பல மடங்கு தருவான், ஒருவேளை ஒன்றுமே தரமாட்டான். எது நேரும் என்பதை இருவருமே அறியார். இந்த அறியாமையைத்தான் நம் ஃபுகஹாக்கள் ‘ஃகரர்’ என்றார்கள். அதோடு, திரட்டிய பணத்தை நிறுவனம் வட்டியில் போடுகிறது. டமாஸ்கஸ் நகரத்து இமாம் இப்னு ஆபிதீன் (ரஹ்) 1836இல் மறைந்தவர்கள். நம் ஹனஃபீ மத்ஹபில் அவர்களுடைய ‘ரத்துல் முஹ்தார்’ இல்லாத முஃப்தியின் அலமாரி இருக்காது. கப்பலில் சரக்கு ஏற்றும் வணிகர்கள் அந்நிய நாட்டு வணிகனுக்கு ஒரு தொகை கட்டி, சரக்கு அழிந்தால் ஈடு வாங்கிக்கொள்ளும் வழக்கம் அவர்கள் காலத்தில் துறைமுகங்களில் பரவியிருந்தது. ‘ஸூகரா’ என்று அதற்குப் பெயர். அந்த ஈட்டை முஸ்லிம் வணிகன் தன் நாட்டில் வைத்து வாங்குவது கூடாதென்றே இமாமவர்கள் முடிவு கண்டார்கள். தம் கடமையல்லாத ஒன்றை ஒருவன் தன் மீது ஏற்றிக்கொள்வது ஒப்பந்தமாகாது என்பது அவர்கள் பார்வை.

பிற்கால மன்றங்களும் ஏறக்குறைய அவ்வழியிலேயே சென்றன. 1978இல் மக்காவில் கூடிய ஃபிக்ஹு மன்றம் வணிக இன்ஷூரன்ஸைத் தடுத்தது. அலெப்போவில் பிறந்த பேரறிஞர் முஸ்தஃபா ஸர்கா அவர்கள் மட்டும் அம்முடிவை ஏற்கவில்லை. கட்டிய பணத்துக்கு மாற்றாக அச்சமின்மை என்னும் ஒரு பொருள் அன்றே கைமாறிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாதமியும் வணிக வகையை விலக்கி, ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவு வகையை அனுமதித்தது. அந்தக் கூட்டுறவு வகையே சூடானில் 1979 முதலும், மலேசியாவில் 1984ஆம் ஆண்டுச் சட்டத்தின் துணையோடும் ‘தகாஃபுல்’ என்ற பெயரில் நிறுவனமாக வளர்ந்தது. நம் நாட்டுக் காப்புறுதிச் சட்டத்திலோ தகாஃபுலுக்கென்று தனி இடம் வகுக்கப்படவில்லை. ஆகவே திண்டுக்கல்லில் இருந்துகொண்டு மலேசியாவின் விடையை நாம் எழுத முடியாது.

இந்திய ஆலிம்கள் இதை உணராதவர்கள் அல்லர். 1965இல் லக்னோவில் நத்வத்துல் உலமாவின் ஆய்வுக் குழு இந்நாட்டின் நிலைமையைக் கருதி, தேவை ஏற்படுமிடத்தில் இன்ஷூரன்ஸுக்கு இடமளித்தது. 1990களின் தொடக்கத்தில் டில்லி இஸ்லாமிக் ஃபிக்ஹு அகாதமியும் கலவரங்களில் உயிரும் உடைமையும் சூறையாடப்படும் சூழ்நிலையை முன்வைத்து அவ்வாறே முடிவு செய்தது. நான் இம்முடிவுகளை அறிந்தே இருந்தேன். அவை தேவைக்குரிய சலுகைகள் என்றும், பேணுதல் உள்ளவன் அவற்றைத் தேடிப் போகமாட்டான் என்றும் எண்ணியிருந்தேன். என் சொந்த வீட்டு விஷயமாயிருந்தால் இன்றும் அப்படியே எண்ணுவேன்.

ஆனால் அடுக்குமாடியில் சொந்த வீடு என்பது என்ன? இங்கேதான் என் ஒரு வாரத்தின் பெரும்பகுதி கழிந்தது.

நான் குடியிருக்கும் வீடு மருமகனுடையது. அவர் ஷார்ஜாவில் வேலை செய்கிறார். பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது. தொலைபேசியில் கேட்டதற்கு, “மாமா, நீங்க எது சொன்னாலும் எனக்குச் சரி” என்றார். அது மரியாதைச் சொல். எனக்கோ அது பாரமாக இறங்கிற்று. என்னுடைய பேணுதலை நான் என் பொருளில் காட்டலாம். பிறர் என்னிடம் அமானிதமாக விட்டிருக்கும் பொருளில் காட்டலாமா? அநாதையின் சொத்தை மேற்பார்க்கும் வலிய்யு அச்சொத்திலிருந்து தர்மம் செய்ய முடியாது என்பதைப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன் நான்.

இனிக் கட்டடத்தைப் பாருங்கள். மருமகனுக்கு உரியதாகப் பத்திரத்தில் இருப்பது நான்கு சுவருக்குள் அடங்கிய பரப்பும், நிலத்தில் பிரிக்கப்படாத ஒரு பங்கும் மட்டுமே. தூண்கள், படிக்கட்டு, லிஃப்ட், மொட்டை மாடி, தண்ணீர்த் தொட்டி ஆகியன எல்லாருக்கும் பொது. எங்கள் தரை கீழ்வீட்டாரின் கூரை. எங்கள் கூரை மேல்வீட்டாரின் தரை. எங்கள் வீட்டு மின்கம்பி உருகினால் புகை எங்கள் வாசலோடு நின்றுவிடாது. 2024 டிசம்பர் 12ஆம் தேதி இரவு நமது ஊரில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீ மூண்டதையும், லிஃப்டில் ஏறியவர்கள் புகையில் சிக்கியதையும், ஒரு குழந்தை உட்பட ஆறு உயிர்கள் போனதையும் நாம் மறந்திருக்க மாட்டோம். மாடிக் கட்டடத்தில் தீ யாருடைய தளத்தில் பிறக்கிறது என்பதும், யாரைக் கொண்டுபோகிறது என்பதும் வேறு வேறு செய்திகள்.

வேலூர் பாக்கியாத்தில் ‘ஹிதாயா’ ஓதிய நாட்களில் ஒரு மஸ்அலாவை நாங்கள் சிரித்துக்கொண்டே கடந்து சென்றோம். எங்கள் ஊர்களில் அப்போது ஓட்டு வீடுகளே மிகுதி. மாடி என்றால் அதுவும் அதே குடும்பத்தாருடையதாக இருக்கும். ஒரே வீட்டில் கீழ்த்தளம் ஒருவருக்கும் மேல்தளம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருந்தால் என்ன சட்டம் என்பதே அந்த மஸ்அலா. ஃபர்கானாவைச் சேர்ந்த இமாம் மர்ஃகீனானீ 1197இல் மறைந்தவர்கள். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே எங்கள் சங்கக் கூட்டத்தின் பொருளை எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது அந்த வாரம் நூலைத் திறந்தபோதுதான் உறைத்தது. கீழ்த்தளத்துக்காரர் மேல்தளத்தாரின் இசைவின்றித் தம் சுவரில் ஒரு முளைகூட அடிக்கக் கூடாது, ஒரு சாளரம்கூடத் திறக்கக் கூடாது என்பது இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கருத்து. மேல்தளத்துக்குத் தீங்கு வராத எதையும் செய்யலாம் என்பது அவர்களுடைய இரு மாணவர்களின் கருத்து. ஆக, சுவர் என்னுடையது என்று சொல்வதனால் மட்டும் அது முழுக்க என்னுடையதாகிவிடாது என்பதில் மூவரும் ஒன்றுபடுகிறார்கள்.

அடுத்து வரும் பகுதிதான் என்னை நிறுத்திவைத்தது. கீழ்த்தளம் தானாக இடிந்துவிட்டால், கீழ்த்தளத்தாரைத் திரும்பக் கட்டும்படி கட்டாயப்படுத்த முடியாது. அவர் இடித்திருந்தால் கட்டாயப்படுத்தலாம். தானாக விழுந்ததற்கு அவர் என் செய்வார்? ஆனால் மேல்தளத்தார் அந்தரத்தில் எப்படி வீடு கட்டுவார்? ஆகவே அவர் தம் செலவில் கீழ்த்தளத்தையும் கட்டிக்கொள்ளலாம். செலவு திரும்பும் வரை கீழ்த்தளத்துக்காரரை அங்கே குடியேற விடாமல் தடுக்கலாம் என்பது சட்டம். இருவர் உள்ள வீட்டுக்கு இது அழகிய தீர்ப்பு. பதினெட்டு வீடுகள் உள்ள கட்டடத்தில் யார் யாருக்காகக் கட்டுவது? கையில் பணமுள்ள ஒருவர் பதினேழு வீட்டையும் கட்டி முடித்து, வாசலில் நின்று வசூலிப்பாரா? இல்லாதவர் அதுவரை எங்கே படுப்பார்? 2024 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், மூன்றில் இரு பங்கு உரிமையாளர் இசைந்தால் பழைய கட்டடத்தை இடித்துத் திரும்பக் கட்டலாம் என்கிறது. இசைவுக்கு வழி பிறந்துவிட்டது. பணத்துக்கு வழி எங்கே?

எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு மூதாட்டி தனியே வசிக்கிறார். கணவரின் ஓய்வுத் தொகை முழுவதையும் அந்த இரண்டு அறைக்குள் போட்டுவிட்டவர். கட்டடம் விழுந்தால் அவர் பங்குக்கு ஒரு செங்கல்லும் வாங்க இயலாது. மேல்தளத்தாரும் கீழ்த்தளத்தாருமாகப் பங்கு போட்டு ஒரே கப்பலில் ஏறியவர்களைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறிய உவமையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். தண்ணீருக்காக ஒவ்வொரு முறையும் மேலே ஏறிவந்து தொல்லை தருவானேன் என்று நல்லெண்ணத்தோடுதான் கீழ்த்தளத்தார் தங்கள் பகுதியில் ஒரு துளை போட நினைக்கிறார்கள். அதைத் தடுக்காமல் விட்டால் எல்லாரும் அழிவர். அவர்களின் எண்ணம் தூய்மையானது. துளையும் அவர்கள் பகுதியில்தான். என் பேணுதலும் அப்படிப்பட்ட ஒரு துளையாக ஆகிவிடக் கூடாதே என்று முதன்முறையாக அஞ்சினேன்.

இதோடு இன்னொரு பாடமும் நினைவுக்கு வந்தது. தவறுதலாக ஒருவன் கையால் மற்றொருவன் உயிர் போனால் நூறு ஒட்டகம் ஈட்டுத் தொகை. ஏழைக்கு அது முடியுமா? அவனுடைய ‘ஆகிலா’, அதாவது அவனைச் சேர்ந்த கூட்டத்தார், மூன்றாண்டுகளில் பகிர்ந்து கட்டுவார்கள். முதலில் அந்தக் கூட்டம் இரத்த உறவாக இருந்தது. உமர் (ரலி) அவர்கள் படைவீரர்களுக்குப் பதிவேடு ஏற்படுத்தியபின், ஒரே பதிவேட்டில் பெயர் உள்ளவர்களையே ஒருவருக்கொருவர் ஆகிலா ஆக்கினார்கள். நம் ஹனஃபீ இமாம்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவர் தலையில் மூன்று அல்லது நான்கு திர்ஹத்துக்கு மேல் விழக் கூடாது என்றும் வரையறுத்தார்கள். ஒருவனை நசுக்கும் சுமையைப் பலர் தோளில் உணராத அளவுக்குப் பிரித்துவிடும் ஏற்பாடு இது. இரத்த உறவு இல்லாமலும் பதிவேட்டினால் ஆகிலா அமையும் என்றால், செயலாளர் கையிலிருந்த சங்கத்துப் பதிவேடும் என் கண்ணுக்கு வேறுவிதமாகத் தெரியத் தொடங்கிற்று.

அந்த ஜவுளிக்கடைக்காரர் விஷயத்தில் நான் செய்த பிழை இதுதான். இன்ஷூரன்ஸ் வேண்டாம் என்று அவருக்குச் சொன்ன நானும், நான் இமாமாக நின்ற ஜமாஅத்தும் அவருடைய ஆகிலாவாக நின்றிருக்க வேண்டும். கடன்பட்டு நொந்தவர்களுக்கு ஸகாத்தில் பங்கு உண்டு. பேரிடரில் பொருள் இழந்தவன் கேட்டு வாங்கலாம் என்று ஹதீஸ் இருக்கிறது. இவற்றைச் செயல்படுத்தும் பைத்துல்மால் நம் மஹல்லாக்களில் எத்தனையில் உள்ளது? ஈட்டை மறுத்தோம், ஈட்டுக்குப் பதில் வைக்கவில்லை. அவருடைய பேணுதலின் விலையை அவரே கட்டினார். எனக்கு ஒரு காசும் செலவாகவில்லை.

வாரக் கடைசியில் செயலாளர் வீட்டுக்குப் போய் அவரிடமிருந்த தாள்களை வாங்கிப் படித்தேன். 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் ஒரே வாசகத்தில் விற்க வேண்டுமென்று ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்னும் வீட்டுக் காப்பீட்டின் விதிகள் அவை. ஒரு கித்தாபைப் படிப்பதுபோல வரிவரியாகப் படித்தேன். தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், கலவரம், தொட்டியும் குழாயும் வெடித்து நீர் பெருகுதல், மரமோ வண்டியோ வந்து மோதுதல் எல்லாம் அடங்கியிருக்கின்றன. மட்டமான கட்டுமானப் பொருளாலும் தவறான வடிவமைப்பாலும் வரும் சேதம் அடங்கவில்லை. 2014 ஜூன் 28ஆம் தேதி சென்னை மௌலிவாக்கத்தில் பதினோரு மாடிக் கட்டடம் கட்டிக்கொண்டிருக்கும்போதே சரிந்து அறுபத்தொரு பேர் மாண்டார்களே, அதுபோன்ற பாவத்துக்குப் பொறுப்பாளி கட்டியவனே. 2016ஆம் ஆண்டு மனை வணிகச் சட்டம் வீட்டை ஒப்படைத்து ஐந்தாண்டு வரை தோன்றும் கட்டுமானக் குறைகளை அவன் தலையிலேயே வைத்திருக்கிறது. எங்கள் கட்டடத்துக்கு இன்னும் இரண்டாண்டு பாக்கி. அந்தத் தூண் விரிசலை இப்போதே எழுதிக் கொடுங்கள் என்று செயலாளரிடம் சொன்னேன். சட்டம் பேசப் போன இடத்தில் இப்படி ஒரு பயன்.

தொகையைக் குறிப்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். வீட்டை ஐம்பது இலட்சத்துக்கு வாங்கியவர் ஐம்பது இலட்சத்துக்குக் காப்பீடு எடுக்க நினைக்கிறார். நிலம் எரியாது, எரிவது கட்டடம் மட்டுமே. ஆயிரம் சதுர அடி வீட்டைத் திரும்பக் கட்டச் சதுர அடிக்கு 2,500 ரூபாய் ஆகுமென்று வைத்துக்கொண்டால், கணக்கு 25 இலட்சம்தான். அதற்கு மேல் எழுதினாலும் நட்டத்துக்கு மேல் கிடைக்கப் போவதில்லை. இரண்டு நிறுவனங்களில் எடுத்தாலும் இரண்டு மடங்கு கிடைக்காது. இந்த விதியைப் படித்தபோது என் மனம் சற்று இளகிற்று என்பதை மறைக்க விரும்பவில்லை. சூதாடுகிறவன் வெல்ல வேண்டுமென்று ஏங்குகிறான். இங்கே வெற்றி என்று ஒன்றுமில்லை. போனது திரும்பினால் போதும். ஃகரர் நீங்கிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மைசிர் என்ற குற்றச்சாட்டை மட்டும் முன்போல ஓங்கிய குரலில் இனிச் சொல்லமாட்டேன்.

விண்ணப்பத் தாளில் உள்ள கேள்விகளுக்கு உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதை நம்மவர்கள் சாதாரணமாக நினைக்கிறார்கள். கட்டடத்தின் வயது என்ன, கீழே கடை உண்டா, கிடங்கு உண்டா என்று கேட்டால், பிரீமியம் கூடிவிடுமென்று மறைக்கிறார்கள். விற்கும் பொருளின் குறையை மறைப்பவனுக்கு உள்ள சட்டமே இவனுக்கும். எங்கள் தரைத்தளத்தில் ஒருவர் சுருட்டுப் பெட்டிகளை அடுக்கி வைத்திருப்பதை எழுத வேண்டியதில்லை என்று இருவர் சொன்னார்கள். எழுதாவிட்டால் நான் கையெழுத்திட மாட்டேன் என்றேன்.

வீட்டுச் சாமான்களுக்குக் கட்டடத் தொகையில் ஐந்தில் ஒரு பங்கு, பத்து இலட்சத்துக்கு மிகாமல், தனிவீட்டுக் காப்பீட்டில் தானாகவே சேர்ந்துவிடுகிறது. திருட்டு விஷயம்தான் வேடிக்கையானது. தீயோ வெள்ளமோ வந்து, அந்தச் சந்தடியில் ஏழு நாட்களுக்குள் களவு போனால் மட்டுமே ஈடு உண்டு. வெறுமனே கன்னம் வைத்துக் கொண்டுபோனால் இந்தப் பத்திரத்தில் ஒன்றுமில்லை. அதற்குப் பூட்டுத்தான். நகைக்குத் தனியாகக் கட்டலாம் என்றிருந்தது. நகை என் மனைவியின் மஹர். அதில் எனக்கு அதிகாரமில்லை. அவரிடம் கேட்டேன். “இருக்கிறது நாலு பவுன். அதுக்குப் பூட்டு போதும், விடுங்க” என்றார்.

எல்லாவற்றையும்விட என்னை உறுத்தியது பத்திரத்தில் இல்லாத ஒன்று. என் வீட்டில் பிறந்த தீயால் கீழ்வீட்டார் பொருள் அழிந்தால், என் காப்பீடு என் சுவரைக் கட்டித்தரும், அவருடையதைக் கட்டித்தராது. அண்டை வீட்டாருக்கு வாரிசுரிமையே வந்துவிடுமோ என்று எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்கள் நபியவர்களுக்கு அண்டையாரைப் பற்றி வலியுறுத்திய செய்தியை நாம் அடிக்கடி மேடையில் பேசுகிறோம். அவரவர் வீட்டுக்கு அவரவர் எடுத்துக்கொள்ளும் முறையில், எடுத்தவர் தப்பினார், எடுக்காத மூதாட்டி மாட்டினார் என்று ஆகிவிடும். தூணையும் படிக்கட்டையும் யாருமே எடுத்திருக்க மாட்டார்கள். எனவே மூன்று வழிகளில், சங்கத்தின் பெயரில் கட்டடம் முழுமைக்கும் ஒரே பத்திரம், அதனோடு பிறருக்கு நேரும் சேதத்துக்கான பொறுப்பையும் தனியாகக் கட்டிச் சேர்ப்பது என்பதே அண்டையார் உரிமைக்கு அணுக்கமானது என்று முடிவு செய்தேன். தனிமனிதன் தன் இலாபத்துக்காகச் செய்யும் ஒப்பந்தத்தைவிட, பதினெட்டு வீட்டார் ஒருவர் சுமையை ஒருவர் தாங்கச் செய்யும் ஏற்பாட்டில் லக்னோவும் டில்லியும் கண்ட தேவை என்னும் சொல்லுக்கு இடம் மிகுதி. சாமான் காப்பீட்டை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிடலாம். எங்கள் வீட்டுச் சாமானுக்கு நான் எடுக்கவில்லை.

மறுவாரக் கூட்டத்தில் இதைச் சொன்னேன். தலையாட்டினார்கள். இரண்டாம் தளத்தில் இருக்கும் நம் இளைஞர் ஒருவர் மட்டும் எழுந்தார். என்னிடமே ஓதியவர். “ஹஜ்ரத், நீங்கதானே கூடாதுன்னு சொல்லிக் கொடுத்தீங்க? என் காசு அதுல கலக்க வேணாம்” என்றார். குரலில் அவமரியாதை இல்லை. அவருக்குச் சொல்ல என்னிடம் ஆதாரங்கள் இருந்தன. ஆனால் அவர் பிடித்துக்கொண்டிருந்ததும் ஆதாரமுள்ள கருத்துதான், நான் கொடுத்ததுதான். ஒருவருடைய பேணுதலைப் பெரும்பான்மையின் கையால் உடைப்பது எனக்குச் சம்மதமில்லை. சுமையிலிருந்து அவர் விலகிக்கொள்வதும் சம்மதமில்லை. கடைசியில், அவர் பங்குக்கு வரும் அதே தொகையைச் சங்கத்தின் பழுதுபார்ப்பு நிதிக்குத் தபர்ருவாக, அதாவது திரும்பக் கேட்காத கொடையாகத் தர வேண்டும் என்றும், பிரீமியத்தில் அவர் பங்கை மற்றப் பதினேழு வீட்டார் ஏற்பது என்றும் பேசி முடித்தோம். கட்டடம் எரிந்தால் அவர் வீட்டுக்கான ஈட்டை அவர் வாங்கலாமா என்று செயலாளர் கேட்டார். அந்த இளைஞர் என்னைப் பார்த்தார். அந்தக் கேள்விக்கு இன்னும் விடை எழுதவில்லை; பெரியவர்கள் இருவருக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன்.

பத்திரம் வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின் அந்த ஜவுளிக்கடைக்காரரைத் தேடிச் சென்றேன். அவர் வேலை பார்க்கும் கடையின் வாசலில் நின்றபடியே, அன்று நான் உங்களுக்குச் சொன்னது பாதி, மீதியை இப்போதுதான் படித்தேன் என்றேன். அவர் கையிலிருந்த அளவுக்கோலை வைத்துவிட்டு, “அது ஆச்சு ஹஜ்ரத், எத்தனையோ வருசம். விடுங்க” என்றார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. நான் புறப்படும்போது அவர் கேட்டார்: “வாடகை வீட்டுச் சாமானுக்கும் அதுல இடம் இருக்கா?”

இருக்கிறது என்றேன். அந்தத் தாளின் பிரதி ஒன்று என் பையிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.